எட்டுப் போடத் தெரிந்த பிள்ளைக்கு பிரேக் பிடிக்கக் கற்றுத் தராதது ஏன்?

தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,

கடந்த ஏப்ரல் மாதம் எங்கள் மாவட்டத்தின் அலுவலகம் ஒன்றிலிருந்து எனக்கு நான்கு வரியில் ஒரு பதில் வந்தது. தங்கள் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு மாதத்தை முன்னிட்டு மாணவர்கள் உறுதிமொழி ஏற்றுள்ளதாலும், பதினெட்டு வயது நிறைவடையாதோருக்கு வாகனம் ஓட்டும் பயிற்சி அளிக்க விதிகளில் இடமில்லாததாலும், தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. பிரேக் பிடித்தால் வண்டி எத்தனை தூரத்தில் நிற்கும் என்பதை மைதானத்தில் மிதிவண்டியிலேயே பிள்ளைகளுக்குச் செய்து காட்ட, ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரை அரை நாள் அனுப்பக் கேட்டு அந்த மனுவை நான் பிப்ரவரியில் எழுதினேன். அப்போது நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மே மாத இறுதியில் ஓய்வு பெற்றுவிட்டேன். முடித்து வைத்த மனுவை நான் முடிந்துபோனதாக எடுத்துக்கொள்ள முடியாததால், அதையே இப்போது திறந்த மடலாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

மனுவுக்குக் காரணமானவன் என் மாணவன். பிளஸ் டூ முடித்துப் பக்கத்து ஊரில் பாலிடெக்னிக் சேர்ந்திருந்தான். டிசம்பரில் ஒரு மாலை, ஆறே கால் மணி இருக்கும், வகுப்பு முடிந்து பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்னால் விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாமல், ஆலைக்குப் போகும் கிளைச் சாலைக்குத் திரும்பியது. அவன் அதைப் பார்த்தான், பிரேக்கையும் பிடித்தான். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசி, அவன் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் நெஞ்சோடு மோதினான் என்று பின்னால் வந்த நண்பன் சொன்னான். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவனுக்கு வயது 18 முடிந்து நான்கு மாதம். முறையாக எல்.எல்.ஆர். போட்டு, எட்டுப் போட்டு, ஓட்டுநர் உரிமம் வாங்கியிருந்தான். காப்பீடு இருந்தது. வண்டியில் அவன் ஒருவன்தான் இருந்தான். தலைக்கவசம் அணிந்திருந்தான், பெரிய கீறல்கூட இல்லாத அந்தத் தலைக்கவசம் இன்னமும் அவன் வீட்டு அலமாரியின் மேல் இருக்கிறது. துக்கம் கேட்கப் போனபோது அவனுடைய அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “டீச்சர், எல்லாத்தையும் சரியாத்தானே செஞ்சோம்?” முப்பத்தொரு ஆண்டுகள் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பழகிய எனக்கு அன்று பதில் வரவில்லை.

டிராக்டருக்குப் பின்விளக்கு இல்லாதது ஒரு குற்றம். அதற்கு வழக்கு நடக்கிறது, அது தன் போக்கில் நடக்கட்டும். நான் பேச வந்தது வேறு ஒன்றைப் பற்றி. விபத்து நடந்த மறுவாரம் சக ஆசிரியர் ஒருவரோடு காவல் நிலையம் போயிருந்தேன். அங்கே நிறுத்தியிருந்த வண்டியின் பின்டயரில் ஓரிடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. முன்டயரில் அப்படி எந்தத் தடயமும் இல்லை. பையன் முன் பிரேக்கைத் தொடவே இல்லை போலிருக்கிறது என்றார் அங்கிருந்த உதவி ஆய்வாளர். பின்னால் வந்த நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் வியப்படையவில்லை. “முன் பிரேக்கப் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்னுதானே டீச்சர் எல்லாரும் சொல்லிக்கொடுத்தாங்க” என்றான்.

எல்லாரும் என்றால் யார்? மாமா, அண்ணன், பக்கத்து வீட்டு மெக்கானிக். நம் ஊர்களில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் இவர்கள்தான். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ, கிளட்ச்சை மெதுவாக விடு, ஆக்சிலரேட்டரைக் கொடு என்பதோடு பாடம் முடிந்துவிடும். அவர்கள் அன்போடு கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் அப்படித்தான் யாரோ கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரு வண்டி பிரேக் பிடிக்கும்போது அதன் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்துக்குத் தரையில் உராய்வு குறைவு. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு உரியது. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்காமல் படிப்படியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். சின்ன வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பையும், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பையும் 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு அரசு கட்டாயமாக்கியதன் காரணமும் இதுதான். ஆனால் அப்பாவிடமிருந்தும் சித்தப்பாவிடமிருந்தும் பிள்ளைகளின் கைக்கு வரும் பழைய வண்டிகளில் இவை எதுவும் கிடையாது. என் மாணவன் ஓட்டியதும் அப்படிப்பட்ட வண்டிதான்.

இந்தப் பாடத்தை நான் அவனுக்கு நடத்தியிருக்கிறேன் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்வது. பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல், இயக்க விதிகள் என்று இரண்டு அலகுகள் இருக்கின்றன. உராய்வுக் குணகத்துக்கு அவன் பிழையில்லாமல் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கு அவனுடைய வலது கை விரல்களுக்குக் கீழே இருக்கும் லீவரைப் பற்றியது என்று நான் சொல்லவில்லை. பாடநூலும் சொல்லவில்லை.

ஆகவே ஜனவரியில் பிளஸ் ஒன் மாணவர்களை அவர்களுடைய மிதிவண்டிகளோடு மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிகள்தான். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கோட்டைச் சக்கரம் தொடும்போது விசில் ஊதுவேன், உடனே நிறுத்த வேண்டும் என்றேன். எங்கே நிற்பார்கள் என்று முதலில் அவர்களையே கல் வைத்து அடையாளம் காட்டச் சொன்னேன். எல்லாருமே கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் கல்லை வைத்தார்கள். பின் பிரேக்கை மட்டும் பிடித்தபோது பெரும்பாலோர் பத்து மீட்டரைத் தாண்டித்தான் நின்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகிய பிறகு அது ஏழரை மீட்டர் அளவுக்கு வந்தது. ஒரு மாணவி தன் கல்லையும் தன் சக்கரம் நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்போ நான் குறுக்கே வந்த குழந்தைமேல ஏத்தியிருப்பேனா மிஸ்?” என்று கேட்டாள். அந்த ஒரு பிற்பகல், சாலைப் பாதுகாப்பு பற்றி நான் கேட்ட எல்லா உரைகளையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது.

மறுநாள் வகுப்பில் பைக்குக்குக் கணக்குப் போட்டோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் கடந்துவிடும். 60 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 17 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலையே தொடங்குகிறது. வேகம் 40இலிருந்து 60 ஆக ஒன்றரை மடங்கு கூடும்போது பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டேகால் மடங்கு கூடுகிறது. சுமாரான பிடிமானமுள்ள உலர்ந்த சாலையில் எல்லாவற்றையும் கூட்டினால் 40இல் 23 மீட்டர், 60இல் 45 மீட்டர் வருகிறது. 45 மீட்டர் என்றால் எங்கள் பள்ளி வாசலிலிருந்து தேநீர்க் கடை வரைக்கும் என்று பிள்ளைகளே அளந்து சொன்னார்கள்.

இந்தச் சோதனையை வண்டி ஓட்டத் தெரிந்த, சட்டம் தெரிந்த ஒருவர் எல்லாப் பள்ளிகளிலும் செய்து காட்ட வேண்டும் என்பதுதான் என் மனு. எங்கள் பள்ளிக்கு ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரை அரை நாள் அனுப்பக் கேட்டேன். பைக்கை ஓட்டக் கற்றுத் தரும்படி நான் கேட்கவேயில்லை. மைதானம், மிதிவண்டி, சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான் தேவை. பதினெட்டு வயதுக்குக் கீழே பயிற்சிக்கு இடமில்லை என்ற பதில், கேளாத ஒன்றை மறுத்திருக்கிறது.

அந்தப் பதில் சொல்லும் உறுதிமொழியையும் நான் பார்த்தேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, எண்ணூறு பிள்ளைகள் வலது கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். ஓவியப் போட்டி நடந்தது, பரிசு கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். அவன் இறந்து ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வந்திருந்தவர்கள் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள்தான். ஆனால் வேகமாகப் போக மாட்டேன் என்று சொன்ன ஒரு பிள்ளைக்கும், வேகம் என்றால் எத்தனை மீட்டர் என்பதை யாரும் காட்டவில்லை.

இனி உரிமத் தேர்வுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளோடு ஒரு தேர்வு மைதானத்துக்குப் போயிருந்தேன். காலை பத்து மணிக்குள் அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று மக்கள் அழைக்கும் ஆய்வாளர் ஒருவர், வேப்பமரத்தடியில் ஒரு மேசை. டிரைவிங் ஸ்கூல்காரர் கொண்டுவந்திருந்த ஒரே பைக்கில் அவர் அழைத்துவந்த அத்தனை பேரும் வரிசையாக ஏறி இறங்கினார்கள். முதல் கியரில், நடக்கிற வேகத்தில், கால் ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாம் கியரையோ முன் பிரேக்கையோ தொட வேண்டிய தேவையே அன்று யாருக்கும் வரவில்லை. கண்ணாடி பார்த்து வலப்பக்கம் திரும்பிக் காட்டு என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்த வெயிலில் அறுபது பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய ஒரு மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டு, சமநிலையைச் சோதிக்கிறது, அதுவும் தேவைதான். ஆனால் சமநிலை தவறி விழுகிறவருக்கு முட்டி சிராய்க்கும். உயிர் போவது நிறுத்த முடியாதபோதும், தப்பாக முந்தும்போதும், சந்திப்பில் பார்க்காமல் திரும்பும்போதும்.

இதைச் சோதிக்க வேண்டும் என்று நான் புதிதாகச் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, தேர்வுக்கு வருபவர் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று நீளமாகப் பட்டியலிடுகிறது. முந்திச் செல்வது, எதிர்வரும் வண்டிக்கு வழிவிடுவது, சைகை காட்டித் தடம் மாறுவது, பாதசாரிகள் கடக்குமிடத்தில் நடந்துகொள்வது ஆகியவற்றோடு, நெருக்கடியில் வண்டியை நிறுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. என் மாணவன் அந்த விதிப்படி சோதிக்கப்பட்டிருந்தால், அவனுக்கு முன் பிரேக் பிடிக்கத் தெரியாது என்பது அந்த மைதானத்திலேயே, யாருக்கும் கேடில்லாமல் தெரிந்திருக்கும். இன்னும் ஒரு மாதம் பழகிவிட்டு வா என்று யாராவது அவனைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

எல்.எல்.ஆர். போட்டபின் 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்கு வரலாம் என்ற விதியும் பயிற்சிக்காகவே வைக்கப்பட்டது. அந்த 30 நாளில் யார் கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை மணி நேரம், எந்தச் சாலையில் என்று எவரும் கேட்பதில்லை. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்காக 2021இல் வந்த விதிகள், கார் ஓட்டக் கற்பவருக்கு நான்கு வாரத்தில் 29 மணி நேரம் பயிற்சி, அதில் 8 மணி நேரம் வகுப்பு என்று வகுத்திருக்கின்றன. அப்படியோர் அளவு தேவை என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். இருசக்கர வண்டிக்கு உரிமம் கேட்டு வரும் பிள்ளைக்கோ ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கட்டாயமில்லை. 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர்.

உரிமம் இல்லாத சிறார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வகுப்புகளில் அவர்களும் இருந்தார்கள். 2023–24இல் சிறார்கள் ஓட்டிய வண்டிகளால் நாட்டில் நடந்த 11,890 விபத்துகளில் 2,063 தமிழ்நாட்டில் நடந்தவை என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மற்ற எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு 2019 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டியின் பதிவு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் இல்லை என்கிறது அது. இந்தப் பிரிவை நான் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். பெற்றோர்கள் பயந்தார்கள், மறுநாளும் வண்டியைக் கொடுத்தார்கள். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ சிறப்பு வகுப்பு ஐந்தே முக்காலுக்கு முடியும். மேற்கே ஏழு கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ் ஐந்து இருபதுக்குக் கிளம்பிவிடும், அடுத்தது எட்டு மணிக்கு. பதினாறு கிலோமீட்டரை இருட்டில் மிதிவண்டியில் போகச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. அந்தப் பஸ்ஸை ஆறு மணிக்கு மாற்றச் சொல்லி மூன்று ஆண்டுகள் கேட்டோம். அது நடக்கவில்லை. பிள்ளைகளின் துடுக்கை மட்டுமே பேசுகிறவர்கள் இந்த நாற்பது நிமிடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வயதைக் குறைக்கச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். பதினெட்டு சரியான வயதுதான். ஆனால் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து நூறு சி.சி. வண்டியில் எட்டுப் போட்டவனை நானூறு சி.சி. வண்டியிலும் போகலாம் என்று அனுப்புவது எந்தக் கல்வி முறைக்கும் பொருந்தாது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்: அங்கே முதல் உரிமம் 200 சி.சி. வரைக்கும்தான், ஓராண்டு ஓட்டியபின்தான் 400 சி.சி. வரையிலான உரிமத்துக்குப் போகலாம். நியூசிலாந்தில் புதிய ஓட்டுநர்கள் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது, துணைக்குத் தேர்ந்த ஓட்டுநர் இல்லாமல் நண்பர்களை ஏற்றக் கூடாது என்ற படிநிலை உரிமம் 1987இலேயே வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குக் கொடுப்பதுதான் கற்பித்தல். அதை நாங்கள் வகுப்பறையில் அன்றாடம் செய்கிறோம்.

விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் இந்த மாநிலம் தொடங்கியது. அதனால் பிழைத்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், நன்றியோடு சொல்கிறேன். அடிபட்ட பின் இத்தனை அக்கறை காட்டத் தெரிந்த அரசிடம், அடிபடுவதற்கு முன் அரை நாள் கேட்பது பெரிய கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை.

தங்கள் பதவியின் பெயரிலேயே சாலைப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த உரிமையில் இவற்றைக் கேட்கிறேன்.

15ஆம் விதியில் எழுதியிருக்கிறபடி, இருசக்கர வண்டித் தேர்வில் நெருக்கடி நிறுத்தத்தை எல்லா மைதானங்களிலும் நடத்தத் தாங்கள் ஆணையிட வேண்டும். எட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்த்தடம், ஒரு கோடு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இரண்டு பிரேக்கையும் பிடித்துக் குறித்த தூரத்துக்குள் நேராக நிற்பது. இதற்குப் புதுச் சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. அதற்குத் தேவையான ஆய்வாளர் பணியிடங்களை அரசிடம் தாங்கள் கேட்டுப் பெற வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ந்து, பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் அதே வாரத்தில், அந்த மிதிவண்டியிலேயே, நிறுத்தும் தூரம், சந்திப்பில் திரும்புவது, பேருந்து லாரிகளின் ஓட்டுநருக்கு நாம் தெரியாமல் போகும் இடங்கள், இரவில் நம்மைப் பிறர் கண்ணுக்குத் தெரியவைப்பது ஆகியவற்றை மைதானத்தில் கற்றுத்தர இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்க வேண்டும். சைக்கிளில் கை பழகியது பைக்கிலும் வரும்.

21 வயதுக்கு உட்பட்டோர் முதல் உரிமம் கேட்கும்போது, குறைந்தது ஆறு மணி நேரப் பயிற்சி பெற்றதற்கான சான்றைக் கேட்க வழி காண வேண்டும். டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சியை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் வளாகத்தில் இலவசமாகத் தர வேண்டும். என்ஜின் திறனுக்கு ஏற்பப் படிப்படியாக உரிமம் தருவது மத்தியச் சட்டத்தில் திருத்தம் கோருவதால், அதற்கான பரிந்துரையைத் தாங்கள் அரசு வழியாக மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களில், மேல்நிலைப் பள்ளிகள் விடும் நேரத்தையும் டவுன் பஸ் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, பிப்ரவரியில் நான் கொடுத்த மனுவை மீண்டும் விசாரணைக்கு எடுக்கச் சொல்லி, இந்தக் கல்வியாண்டின் மிதிவண்டிகள் வந்து இறங்குவதற்கு முன் எங்கள் பள்ளிக்கு ஓர் ஆய்வாளரை அனுப்பிவைக்க வேண்டும். விசில், அளவு நாடா, சுண்ணாம்பு மூன்றையும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் முதுகலை ஆசிரியை ஒருவர்